மஸ்டர் நாடகம்

எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லாத குறையை மேஸ்திரியின் இருமல் தீர்த்து வைத்தது. காலை ஆறு மணிக்குச் சரியாக இருமுவார். ஒரு பெரிய இருமல், அதன் வாலாக ஒரு சின்னச் செருமல், பிறகு ஒரு பெயர். பெயருக்குரியவர் "ஹாஜர்" என்பார். மறுபடி இருமல், செருமல், அடுத்த பெயர். இப்படி முப்பத்தொரு பெயர். பாயில் கண்ணை மூடிப் படுத்தபடியே அந்த முப்பத்தொன்றையும் வரிசை பிசகாமல் கேட்டு வளர்ந்தவன் நான். ஏழாம் வாய்ப்பாடே ஏறாத மண்டையில் இது மட்டும் எப்படி ஏறியது என்று இன்றைக்கும் தெரியாது.

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிய ஒரு பழைய கிடங்குக்குப் பின்புறம் இருந்தது எங்கள் லைன். துப்புரவுத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய, ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய ஓர் அறை வீடுகள். எல்லாரும் தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இந்த வேலைக்கென்று வந்தவர்களின் வாரிசுகள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். லைனுக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஷெட். தள்ளுவண்டிகளும் துடைப்பங்களும் அங்கேதான் இருக்கும். காலையில் அதன் முன்னால் வரிசையாக நின்று பெயருக்குப் பதில் சொல்வதற்கு மஸ்டர் என்று பெயர். மஸ்டரில் பெயர் இருந்தால் வேலை நிரந்தரம், குடியிருக்க வீடும் உண்டு. பெயர் போனால் வீடும் போகும்.

எங்கள் வீட்டுக்கான பெயர் பதினேழாவது. அது பெரியப்பாவின் பெயர். அதற்கு ஹாஜர் சொன்னவர் அப்பா.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது குப்பை லாரியின் பின்கதவு பெரியப்பாவின் இடது காலில் விழுந்துவிட்டதாம். கால் உடம்போடு இருந்தது, அவ்வளவுதான். வேலைக்கு ஆகாத ஆள் என்று எழுதினால் பெயரை வெட்டிவிடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளாத பெரியப்பா, அப்பா, அம்மா, நான், நாலு பேருக்கும் அந்த ஒரே அறை. ஆகவே, அதுவரை கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் காலையில் போய்ப் பதினேழாவது ஆளாக நின்றார். மேஸ்திரி இருமினார், செருமினார், கூப்பிட்டார். அப்பா ஹாஜர் சொன்னார். அந்த ஒரு பெயரைக் கூப்பிடும்போது மட்டும் மேஸ்திரி நிமிர மாட்டார், புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று அம்மா பின்னாளில் சொன்னாள்.

லைன் முழுக்கத் தெரிந்த விஷயம் என்பதால், இது ரகசியம் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெரியப்பாவின் பழைய காக்கிச் சட்டையைத்தான் அப்பா போட்டுக்கொண்டு போவார். சட்டையோடு சேர்த்துப் பெயரையும் காலையில் மாட்டிக்கொண்டு, மத்தியானம் வந்து இரண்டையும் கழற்றிக் கொடியில் போடுகிறார் என்ற அளவில் எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, டீச்சர் வந்தார். ஏதோ ஒரு நாடகக் குழுவைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் கலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். தோளில் சாக்குப் பை, கையில் குடை. குடை மழைக்கல்ல, எங்கள் லைன் நாய்களுக்கு. வயது இருபத்து மூன்றுகூட இருக்காது. முதல் நாள் ஒரு ஃபாரம் கொடுத்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். லைனில் பெரியவர்களுக்கு எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், மலையாளத்தில் இருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். ஆபத்துகளுக்கு எளிதில் உள்ளாகக்கூடிய சமூகத்துக் குழந்தைகளுக்குக் கலைவழிக் கல்வி என்று அதில் இருந்தது.

"என்ன ஆபத்துடா?" என்று அம்மா பதறிப் போய்க் கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. டீச்சர் குடையோடு வருவதை வைத்து, நாய்க்கடியாக இருக்கும் என்றேன். அம்மா சமாதானமாகிக் கைநாட்டு வைத்தாள்.

முதல் சில வாரங்கள் ஷெட்டுக்குள் வட்டமாக நின்று கைதட்டினோம். ஒருவன் செய்வதை எதிரில் நிற்பவன் கண்ணாடி போலச் செய்தோம். காற்றில் இல்லாத பந்தை எறிந்து பிடித்தோம். எட்டிப் பார்த்த அம்மாமார்களுக்கு ஏமாற்றம். சும்மா விட்டாலும் இந்தச் சனியன்கள் இதைத்தானே செய்யும், இதற்கு எதற்கு ஒரு டீச்சர் என்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்கோ வேறு கணக்கு. பள்ளிக்கூடத்தில் நாங்கள் கடைசி பெஞ்ச். வாய் திறந்தால் மலையாளத்தின் நடுவே தமிழ் வந்து விழுந்துவிடும், பக்கத்தில் இருப்பவன் மூக்கைப் பிடிப்பான் என்று திறப்பதே இல்லை. வட்டத்தில் கடைசி பெஞ்ச் என்று ஒன்று கிடையாது. யாராவது பேசத் தொடங்கிப் பாதியில் நின்றால் டீச்சர் அவசரப்படாமல் காத்திருப்பார். ஒரு ஆள் நம் வாயைப் பார்த்துக் காத்திருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அந்த ஷெட்டில்தான் எனக்குத் தெரிந்தது.

நாடகம் போடலாம் என்று முடிவானதும் டீச்சர் ராஜாவும் மரமும் வரும் கதை ஒன்று கொண்டுவந்தார். ராஜாவுக்கு ஒன்பது பேர் கை தூக்கினோம். மரத்துக்கு ஆள் இல்லை. அடுத்த வாரம் கதையைப் பைக்குள் வைத்துவிட்டு, நீங்கள் எழுந்ததும் முதலில் என்ன பார்ப்பீர்கள், அதைச் செய்து காட்டுங்கள் என்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் எழுந்து ஒரு முறை இருமி, ஒரு முறை செருமினேன். பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். அப்போது வாசல் வழியாக நிஜ மேஸ்திரியே போய்க்கொண்டிருந்தார். டீச்சர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி வேஷம் எனக்கு என்று ஆயிற்று.

டீச்சர் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தார். நிஜப் பெயர் எதுவும் மேடையில் வரக்கூடாது. யாருக்காவது மனசு நோகும். அதனால் மஸ்டரில் மீன்களின் பெயரைப் போட்டோம். மத்தி, அயிலை, கொழுவை, கரிமீன். நான் இருமி "அயிலை" என்பேன், ஒரு பெண் துடைப்பத்தோடு குதித்து "ஹாஜர்" என்பாள். பெரியவர்கள் யாரும் ஒத்திகை பார்க்கக்கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. ஷெட் கதவை அடைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் பழகினோம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் டீச்சர் சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார். புதிதாக வந்திருந்த சுகாதார இன்ஸ்பெக்டரைத் தலைமை தாங்க அழைத்திருக்கிறார். அவரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மேஸ்திரிக்கு மேலதிகாரி அவர். இரண்டு மாதமாகத்தான் இந்த சர்க்கிளில் இருக்கிறார். காலையில் எட்டு மணிக்கு மேல்தான் வருவார், அதற்குள் ஆட்கள் தெருத் தெருவாகப் போயிருப்பார்கள். ஆகவே பெயர்களைப் புத்தகத்தில் பார்த்திருந்தார், முகங்களைப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சாயா ஆறிப் போனது. அப்பா, வரவில்லை என்றார். அம்மாவும் போகவேண்டாம் என்றாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கஞ்சி வேண்டாம் என்றேன். கட்டிலில் இருந்த பெரியப்பாதான் பேசினார்.

"பிள்ளை மேடை ஏறுது. நம்ம வீட்ல ஆரு ஏறியிருக்கா? என்னைக் கொண்டுபோய் ஒரு ஓரத்துல வெச்சிடு. நான் ஆடாம அனங்காம இருந்துக்குவேன்."

அப்பா பெரியப்பாவின் பேச்சைத் தட்டி நான் பார்த்ததில்லை.

நாடகத்தன்று கிடங்குக்குப் பக்கத்து மைதானத்தில் நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மேடை. பின்னால் இரண்டு படுக்கை விரிப்பு. விருந்தாளிகள் வருவதற்கு வெகு முன்பே அப்பா பெரியப்பாவை முதுகில் சுமந்து வந்து, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார வைத்து, லுங்கியைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டார். பக்கத்தில் அவரும் அம்மாவும் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர். அவர் பக்கத்தில், தன்னைத்தான் நான் நடிக்கப் போகிறேன் என்று அறியாத மேஸ்திரி, வெள்ளை வேட்டியில்.

டீச்சருக்கு இன்னொரு ஆசை இருந்தது. தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் வந்து தன் பெயரையும் அப்பா பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும், அப்பா எழுந்து கும்பிட வேண்டும். பெயர் தெரியாமல் யாரும் இங்கே இருக்கக்கூடாது என்றார். என் முறை வந்தது. அப்பாவின் சொந்தப் பெயரைச் சொன்னேன். கடைசி வரிசையில் அப்பா எழுந்து, கும்பிட்டு, டக்கென்று உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் திரும்பி நன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். "மோன் மிடுக்கனாணு கேட்டோ" என்றார். என் மகனைப் புத்திசாலி என்று ஒரு ஆபீசர் சொன்னார் என்று அம்மா பிறகு லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நாடகம் தொடங்கியது. மேஸ்திரியைப் போலவே காலரின் பின்னால் குடையைத் தொங்கவிட்டு, காதில் சிவப்புப் பென்சில் செருகி நான் நடந்து வந்ததுமே மைதானம் சிரிப்பில் புரண்டது. இருமினேன். மேஸ்திரி தன் மார்பைத் தடவிக்கொண்டார். "மத்தி" என்றேன். ஹாஜர். "அயிலை." ஹாஜர். அதற்குள் மூன்று முறை சிரிப்பலை வந்து என் மேல் அடித்ததில் தலைக்குள் ஏதோ கழன்றுவிட்டது. அடுத்த மீன் வரவில்லை. இருமினால் வரும் என்று இருமினேன். செருமினேன். அந்த இருமலோடும் செருமலோடும் பிறந்ததிலிருந்து ஒட்டிக்கிடந்த பெயர் வந்து விழுந்தது. மஸ்டரின் முதல் பெயர். நிஜப் பெயர்.

"ஹாஜர்" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பெயருக்குரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பாதி எழுந்தே விட்டார். முப்பது வருஷப் பழக்கம், அவர் என்ன செய்வார். கூட்டம் சிரித்தது, அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார். திரை மறைவில் டீச்சர் கையை ஆட்டியதைப் பார்த்தேன். நான் நிறுத்தவில்லை. இரண்டாவது பெயரைக் கூப்பிட்டேன், ஹாஜர் வந்தது. மூன்றாவது, நாலாவது. ஆட்களுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. சிலர் வேண்டுமென்றே தூக்கக் கலக்கத்தில் சொல்வது போலச் சொன்னார்கள். ஒருவர் "வந்நு சாரே, வந்நு, கிடந்து கூவாதே" என்றார், வந்துட்டேன் கத்தாதே என்கிற மாதிரி. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். என்னைப் போல ஒரு நடிகன் இந்தக் கொச்சியில் பிறந்ததில்லை என்று அந்த நிமிஷம் உறுதியாக நம்பினேன்.

அப்படியே பதினேழுக்கு வந்தேன்.

பெயரைக் கூப்பிட்டதும் அப்பாவின் உடம்பு முன்னால் வந்தது. வாய் திறந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். அம்மாவின் கை அவர் சட்டையைப் பிடித்தது. வாய் மூடிக்கொண்டது.

சிரிப்பும் நின்றுவிட்டது. லைன் ஆட்கள் ஒருவரும் பின்னால் திரும்பவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மேஸ்திரியின் வழக்கம் மூன்று முறை கூப்பிடுவது. மூன்றாவதற்கும் பதில் இல்லையென்றால் சிவப்புப் பென்சிலால் கோடு. நான் இரண்டாம் முறை கூப்பிட்டேன். அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டேன். தினமும் சொல்கிறவர், என் நாடகத்தில் மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாரே என்று எனக்குக் கோபம். காதிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் மேஸ்திரியின் பக்கம் சாய்ந்தார். "ஆரா அது? ஆளு வந்நில்லே?" என்று அவர் கேட்டது முன்வரிசையில் எல்லோருக்கும் கேட்டது. மேஸ்திரி இருமினார். நான் இருமியதை விட மோசமாக இருந்தது.

அப்பா ஹாஜர் சொன்னால், சற்று முன் வேறு பெயரில் எழுந்து கும்பிட்டவர் அவர். யாரும் சொல்லாவிட்டால், அந்த ஆள் எங்கே என்று கேள்வி வரும். எழுந்து ஓடிவிடவும் முடியாது. இதெல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்றாவது முறை இன்னும் உரக்கக் கூப்பிட வேண்டும் என்பதுதான். கூப்பிட்டேன்.

"ஹாஜர்."

பெரியப்பா. உட்கார்ந்தபடியே வலது கையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். கட்டிலிலிருந்து தண்ணீர் கேட்கும் குரலைத்தான் நான் அறிவேன். இது வண்டிக்குப் பின்னால் நின்று டிரைவருக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய குரல். மைதானத்தைத் தாண்டிக் கிடங்குச் சுவரில் பட்டுத் திரும்பியது. இன்ஸ்பெக்டர் திரும்பி, கை தூக்கிய ஆளைப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். நான் பதினெட்டுக்குப் போனேன்.

முடிந்ததும் கைதட்டல், டீச்சரின் அணைப்பு, எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டே கடைசி வரிசைக்கு வந்தார். மற்றவர்கள் எழுந்து நின்றார்கள். பெரியப்பா எழவில்லை. இன்ஸ்பெக்டரின் புருவம் லேசாக ஏறியது.

"காலொண்ணு உளுக்கி, சாரே" என்றார் மேஸ்திரி, பின்னாலிருந்து. "ரெண்டு திவசமாச்சு. நாளைக்கு சரியாகும்."

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. ரெண்டு நாளா? பத்து வருஷம் என்று திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அம்மா ஒரு முழுப் பழம்பொரியை அதற்குள் திணித்தாள். வாய் வெந்து கண்ணில் தண்ணீர் வந்தது. "நல்ல சப்தம்" என்று பெரியப்பாவின் தோளைத் தட்டிவிட்டு இன்ஸ்பெக்டர் நகர்ந்தார்.

அவர் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனார். பதினேழாவது பெயர் அதற்குப் பின்னும் பல வருஷம் மஸ்டரில் இருந்தது. அந்தப் பெயர் வாங்கிக்கொடுத்த அரிசியைத் தின்றுதான் நான் காலேஜ் வரை போனேன். டீச்சரின் குழுவுக்கு வேறு ஊரில் வேறு ஆபத்துக் குழந்தைகள் கிடைத்தார்கள். கடைசி ஞாயிறன்று அவர் குடையை எங்கள் லைனில் மறந்துவிட்டுப் போனார். நாய்கள் அவரை பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டதாகக் கேள்வி.

ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது, அன்று எல்லோரும் போன பிறகு நடந்ததைத்தான். இன்ஸ்பெக்டரின் ஜீப் கண்ணுக்கு மறையும் வரை பெரியப்பாவைத் தூக்க முடியாது. ஆகவே காலியான மைதானத்தில் நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த டீச்சர், இவர்கள் ஏன் எழுந்து போகவில்லை என்று புரியாமல் எங்களைப் பார்த்துச் சிரித்தார். கிடங்குக் கூரையில் கடைசி வெயில். நான் உர்ரென்று இருந்தேன். அப்பா சொல்ல வேண்டிய வசனத்தைப் பெரியப்பா சொல்லிவிட்டார், அதுவும் மூன்று முறை கூப்பிட்ட பிறகு. நாடகம் கெட்டது இவர்களால்தான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

பெரியப்பாவின் முகம் ஜுரம் வந்தது போலச் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மோனே, எம்பேரை ஒருக்கா கூப்பிடு."

முடியாது என்றேன். நாடகம் முடிந்தால் வேஷம் முடிந்தது, அதுதான் சட்டம் என்றேன். அப்படி ஒரு சட்டத்தை டீச்சர் சொல்லவே இல்லை.

"ஒரே ஒருக்கா. அந்த இருமலோட."

"கூப்பிடுறா" என்றார் அப்பாவும். நான் குடையைக் காலரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

பிறகு அப்பா இருமினார். எழுந்து இரண்டு அடி தள்ளிப் போய் நின்று, கையைப் புத்தகம் போல விரித்து, அதைப் பார்த்துப் பெரியப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். எங்கள் குடும்பத்தில் அண்ணன் பெயரைத் தம்பி வாயால் சொல்வது வழக்கமில்லை. தினமும் அதற்குப் பதில் சொன்னவர் அன்றுதான் அதைச் சொன்னார். சொன்னவர் அப்படியே விடாமல், பெயரின் கடைசியில் "அண்ணே" என்றும் சேர்த்தார்.

"ஹாஜர்" என்றார் பெரியப்பா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் சரியில்லை, செருமல் இல்லவே இல்லை, குரல் வேறு நடுங்குகிறது. எந்த மேஸ்திரியாவது மஸ்டரில் அண்ணே என்று கூப்பிடுவாரா? அப்பாவுக்கு நடிப்பே வராது என்று அன்று நான் தெரிந்துகொண்டேன்.